குளத்துக்கும் மூச்சு வேண்டும்: ஏரேட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெரு முடியும் இடத்தில் ஒரு குளம் இருக்கிறது. பெரிய ஏரி எல்லாம் இல்லை. ஒரு கிரவுண்டு இருக்கும், மழைக்காலம் முடிந்ததும் ஐந்தடித் தண்ணீர் நிற்கும். தென்சென்னையில் இப்படி மிச்சமிருக்கும் குளங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் அக்கம்பக்கத்தார் சேர்ந்து இதைப் பார்த்துக்கொள்கிறோம். தண்ணீருக்குக் காற்று ஊட்டும் ஏரேட்டர் கருவியை இதில் போட்ட நாளிலிருந்து காலை நடைக்கு வருபவர்கள், பக்கத்துக் காலனிக்காரர்கள், கோயில் குளத்தைக் கவனிப்பவர்கள் என்று பலரும் நின்று விசாரிக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

குளம் பாட்டுக்குச் சும்மாதானே கிடக்கிறது, அதற்கு எதற்குக் காற்று?

மேலே சும்மா கிடக்கிறது. உள்ளே மீன், நத்தை, பாசி, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா எல்லாம் இரவும் பகலும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கான ஆக்சிஜன் தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும். ஆனால் தண்ணீரில் கரையக்கூடியது மிகக் கொஞ்சம். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை, 35 டிகிரியில் 7. தண்ணீர் சூடாகச் சூடாக ஆக்சிஜன் குறையும், அதே சூட்டில் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் தேவை கூடும். சென்னையில் கத்திரி வெயில் நாட்களில் இந்த இரண்டும் ஒன்றாக நடக்கின்றன.

எங்கள் குளத்தையே கணக்குப் போடுங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஐந்தடி ஆழம் என்றால் 12,000 கன அடி, அதாவது சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். அவ்வளவு தண்ணீரிலும் 30 டிகிரியில் முழுக்க நிறைந்தாலும் இருக்கும் ஆக்சிஜன் இரண்டரைக் கிலோதான். அந்த இரண்டரைக் கிலோவை மறந்துவிடாதீர்கள், கீழே பல கேள்விகளுக்கு அதுதான் அடிப்படை.

விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றனவே, பசியா?

பசி இல்லை, மூச்சுத் திணறல். பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் வெயிலை வைத்து ஆக்சிஜன் தயாரிக்கின்றன. பொழுது சாய்ந்ததும் தயாரிப்பு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். அதே பாசியும் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். இரவு முழுக்கக் குறைந்துகொண்டே வந்து, சூரியன் எட்டிப் பார்ப்பதற்குச் சற்று முன்னால் அடிமட்டத்துக்குப் போகும்.

ஏரேட்டர் வாங்குவதற்கு முந்தைய வருஷம் ஒரு ஜூன் மாத விடியலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முந்தின நாள் முழுக்க மூட்டம், வெயிலே இல்லை. ஐந்தே கால் மணிக்குப் படித்துறையில் டார்ச் அடித்தால், தண்ணீர்ப் பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். தூறல் விழுகிறது என்று நினைத்தேன். மழையே இல்லை. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு வாய், திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கையை நீட்டினால்கூட விலகவில்லை. விலகவும் அவற்றுக்குத் தெம்பில்லை. ஏழு மணிக்கு வெயில் வந்தபோது பாதி மீன்கள் உள்ளே போய்விட்டன, மீதி கரை ஒதுங்கின. உங்கள் குளத்தின் நிலை தெரிய வேண்டுமென்றால் சாயங்காலம் போய்ப் பார்த்துப் பயனில்லை. விடிகாலையில் போய்ப் பாருங்கள்.

மழை பெய்தால் குளத்துக்கு நல்லதுதானே? மழைக்கு மறுநாள் மீன் மிதப்பது ஏன்?

ஆழமான குளங்களில் வெயில் காலத்தில் தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே சூடான, லேசான தண்ணீர். கீழே சற்றுக் குளிர்ந்த, கனமான தண்ணீர். இரண்டும் கலக்காது. கீழ் அடுக்குக்குக் காற்றும் போகாது, வெளிச்சமும் போகாது. அங்கே அழுகும் இலையும் சேறும் இருக்கிற ஆக்சிஜனைத் தின்று முடித்துவிடும். பிறகு அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சேரும். திடீரென்று ஒரு கோடை மழை வந்து மேல்தண்ணீரைக் குளிரவைத்தால் அடுக்கு குலைந்து, கீழிருந்த கெட்ட தண்ணீர் மொத்தமாக மேலே வரும். ஒரே இரவில் மீன் மிதக்கும்.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. முதல் மழை தெருக்குப்பையையும், வடிகாலில் மாதக்கணக்கில் தேங்கியதையும் அள்ளிக்கொண்டு குளத்துக்குள் வருகிறது. முதல் மழைத் தண்ணீரைக் குளத்துக்குள் விடாமல் திருப்பிவிட ஒரு பலகை மதகு இருந்தால் பெரிய உதவி. எங்கள் குளத்தில் இரண்டு நல்ல மழைக்குப் பிறகுதான் மதகைத் திறக்கிறோம்.

செத்தது ஆக்சிஜன் குறைவாலா, யாராவது எதையாவது கலந்துவிட்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் சாகும், அதுவும் விடிகாலையில். கட்லா, ரோகு தாங்காது. விராலும் கெளுத்தியும் மேலே வந்து நேரடியாகக் காற்றை விழுங்கத் தெரிந்தவை என்பதால் பிழைத்துக்கொள்ளும். ஜிலேபி குறைந்த ஆக்சிஜனையும் வெகுவாகத் தாங்கும். ஆகவே ஜிலேபியே கூட்டமாகச் செத்துக் கிடந்தால் நிலைமை மிக மோசம் என்று அர்த்தம். நட்டநடுப் பகலில், சின்னது பெரியது என்ற பேதமில்லாமல், விராலும் தவளையும் சேர்ந்து செத்தால் விஷத்தைச் சந்தேகிக்கலாம். உடனே ஒரு சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஐஸில் வையுங்கள். மறுநாள் எடுத்த தண்ணீரில் தடயம் கரைந்துபோயிருக்கும்.

எங்கள் குளத்தில் சாக்கடை கலக்கிறது. ஏரேட்டர் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. ஏரேட்டர் விற்க வருபவர்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை, அதனால் நான் விரிவாகச் சொல்கிறேன்.

சாக்கடைத் தண்ணீரைப் பாக்டீரியா சிதைப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். வீட்டுக் கழிவுநீர் என்றால் ஒரு லிட்டருக்கு ஐந்து நாளில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை தேவைப்படும். நடுவில் 250 என்று வைத்துக்கொள்வோம். நம் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி ஒன்று 12,000 லிட்டர். அந்த அளவுக் கழிவுநீர் குளத்தில் கலந்தால் அது கேட்கும் ஆக்சிஜன் 3 கிலோ. குளத்திலேயே இருப்பது இரண்டரைக் கிலோ. ஒரே ஒரு லாரி அளவு போதும், மொத்தக் கையிருப்பும் காலி. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் குழாய் ஒன்று திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் சேர்ந்திருந்தால் ஒரே நாளில் அவ்வளவும் வந்துவிடும்.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. முதல் வருஷம் மோட்டார் இரவெல்லாம் ஓடியும் நாற்றம் போகவில்லை. ஒரு பிப்ரவரி மாதம், மழை பெய்து ஆறு வாரம் ஆன பிறகு, வடிகால் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். சொட்டுத் தண்ணீர் இருக்கக்கூடாத இடத்தில் சோப்பு நுரையோடு ஓடிக்கொண்டிருந்தது. எந்த வீட்டிலிருந்து என்று கண்டுபிடித்து, பேசி, புகார் கொடுத்து, குழாயைப் பாதாளச் சாக்கடைக்கு மாற்ற எட்டு மாதம் ஆனது. மாற்றிய மூன்றாவது மாதம் தண்ணீரில் நத்தை தெரிந்தது. மோட்டார் அதேதான், ஓடிய நேரமும் அதேதான்.

முதலில் சாக்கடை வரத்தை அடைத்துவிடுங்கள், பிறகு காற்று ஊட்டுங்கள். மழையில்லாத நாளில் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் இல்லை. இந்த ஒரு சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம்.

என்ன வகை ஏரேட்டர் வாங்குவது?

ஆழத்தைப் பொறுத்தது. எட்டுப் பத்து அடி ஆழம் இருந்தால் அடியில் வைக்கும் டிஃப்யூசர் சிறந்தது. கரையில் கம்ப்ரசர், அங்கிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் நுண்துளை போட்ட ரப்பர் தட்டு. குமிழ்கள் கொத்தாக மேலே வரும். குமிழிலிருந்து கரையும் ஆக்சிஜன் கொஞ்சம்தான். குமிழ்க்கூட்டம் அடித்தண்ணீரை இழுத்துக்கொண்டு மேலே வருகிறதே, அதுதான் முக்கியம். மேலே வந்த தண்ணீர் காற்றைத் தொட்டு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது, அடுக்கும் பிரியாது. கம்ப்ரசரைத் தண்ணீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், குழாயில் ஒரு செக் வால்வு போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாக ஏறி கம்ப்ரசருக்குள் புகுந்துவிடும்.

நான்கைந்து அடிதான் என்றால் குமிழுக்கு நேரமே கிடைக்காது, சட்டென்று மேலே வந்துவிடும். அப்படிப்பட்ட குளத்துக்கு இறால் பண்ணைகளில் பார்க்கிற பேடில் வீல் ஏரேட்டர் நல்லது. துடுப்புகள் தண்ணீரை அடித்துச் சிதறவைத்துக் காற்றோடு கலக்கும். நாங்கள் போட்டிருப்பது அதுதான். சத்தம் உண்டு, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இடத்தை யோசித்து வையுங்கள்.

நீரூற்று பார்க்க அழகு. மேல் மூன்று நான்கு அடித் தண்ணீரைத்தான் கலக்கும். ஆழமான குளத்தில் நீரூற்று மட்டும் போட்டுவிட்டுச் சுத்தமாகிவிடும் என்று காத்திருந்த குடியிருப்புகள் இரண்டை எனக்குத் தெரியும். இரண்டு இடத்திலும் கீழே சேறு கறுப்பாகவே இருந்தது.

வீட்டு மொட்டைமாடித் தொட்டி, அல்லிக்குளம் போன்றவற்றுக்கு இவ்வளவு தேவையில்லை. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் ஏர் பம்பும் ஏர் ஸ்டோனும் போதும்.

எத்தனை ஹெச்பி வேண்டும்?

மீன் வளர்க்கும் குளங்களுக்கு ஏக்கருக்குக் குறைந்தது ஒரு ஹெச்பி என்று ஒரு கைக்கணக்கு உண்டு. வரத்து அசுத்தமாக இருந்தால் அது போதாது. எங்களுடையது ஒரு கிரவுண்டுதான், இருந்தும் ஒரு ஹெச்பி போட்டிருக்கிறோம். கூடுதல் என்று தெரிந்தேதான் வாங்கினோம், கோடையில் அது தெம்பாக இருக்கிறது.

எந்த நேரத்தில் ஓட்ட வேண்டும்? கரண்ட் பில் எவ்வளவு வரும்?

இரவில். பத்து மணிக்குப் போட்டு, வெயில் நன்றாக விழுந்த பிறகு ஏழு மணிக்கு நிறுத்துகிறோம். மூட்டமான நாட்களில் பகலிலும் ஓட்டுவோம். பச்சைத் தண்ணீரில் மத்தியானம் இரண்டு மணிக்குத் துடுப்பு ஏரேட்டரை ஓட்டுவது வீண். அந்நேரம் பாசி தயாரித்த ஆக்சிஜன் தண்ணீர் கொள்ளும் அளவுக்கு மேலேயே நிற்கும். தண்ணீரை அடித்தால் அது வெளியேறிக் காற்றில் கலந்துவிடும், இரவுக்கு இருந்த சேமிப்பைக் கைவிட்டமாதிரி ஆகும். ஆழமான குளத்தில் டிஃப்யூசரை மட்டும் மத்தியானம் ஒரு மணி நேரம் ஓட்டினால் மேலே இருக்கும் வளமான தண்ணீர் கீழே இறங்கும், அது நல்லது.

ஒரு ஹெச்பி மோட்டார் ஒன்பது மணி நேரம் ஓடினால் ஏழெட்டு யூனிட். மாதத்துக்கு 210 முதல் 240 யூனிட். டைமர் சுவிட்ச் போட்டுவிடுங்கள். ஆளை நம்பி விட்டால் என்றைக்காவது மறந்துபோகும், மறந்த அன்றைக்குத்தான் மூட்டம் போடும்.

சோலாரில் ஓட்டலாமா?

பேட்டரி இருந்தால் தாராளமாக. பேட்டரி இல்லாத சோலார் பகலில் மட்டும் ஓடும், குளத்துக்குத் தேவையோ இரவில். நன்கொடை கொடுக்க முன்வருபவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புதிதாகப் போடும்போது கவனிக்க வேண்டியது?

முதல் நாளே இரவு முழுக்க ஓட்டாதீர்கள். வருஷக்கணக்காகக் கீழே தேங்கிய கெட்ட தண்ணீர் ஒரேயடியாக மேலே வந்தால், மீனைக் காப்பாற்றப் போட்ட மோட்டாரே மீனைக் கொன்றுவிடும். முதல் நாள் அரைமணி நேரம், மறுநாள் ஒரு மணி, அதற்கடுத்த நாள் இரண்டு மணி என்று ஒரு வாரத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள். முதல் சில நாள் நாற்றம் கூடும். அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

தண்ணீர் பச்சைப் பசேலென்று இருக்கிறது. பாசி போய்விடுமா?

மெதுவாகக் குறையும். பாசிக்கு உரம் பாஸ்பரஸ். சாக்கடையிலும் சலவைத் தண்ணீரிலும் வந்தது சேற்றில் தங்கியிருக்கும். ஆக்சிஜன் இருக்கும்வரை சேற்றிலுள்ள இரும்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் போனதும் இரும்பு பிடியை விட்டுவிடும், பாஸ்பரஸ் தண்ணீருக்கு வரும், பாசி பெருகும், செத்து அடியில் விழும், அழுகும், மறுபடி ஆக்சிஜன் குறையும். அடித்தண்ணீருக்கு ஆக்சிஜன் போனால் இந்தச் சுற்று அறுபடும். அதற்கு ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஆகலாம்.

அவசரப்பட்டு மயில்துத்தமோ பிளீச்சிங் பவுடரோ கொட்டாதீர்கள். பாசி ஒரே நாளில் சாகும். செத்த பாசி முழுவதும் ஒன்றாக அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனும் போய்விடும். பச்சை பெயிண்ட் கொட்டியதுபோல் ஏடு படர்ந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகள் நச்சு சுரப்பவை. நாயையும் மாட்டையும் அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள்.

கொசு குறையுமா?

சலனமுள்ள பகுதியில் குறையும். சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வால்பக்கக் குழாயை நீர்ப்பரப்பில் நீட்டி மூச்சு விடும். பரப்பு அலைந்துகொண்டே இருந்தால் அதனால் முடியாது. ஆனால் கரையோரப் புல்லுக்குள் அலை போகாது, அங்கே களையை நீக்கி வையுங்கள். மீன் உயிரோடிருந்தால் மீதியைத் தின்றுவிடும். டெங்குக் கொசு குளத்தில் வளர்வதில்லை. அது வீட்டுக் குடத்திலும் பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் வளர்வது.

மீனுக்குப் பொரி போடலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கே மனம் சங்கடப்படும். குழந்தையாக இருக்கும்போது தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு தெப்பக்குளத்தில் பொரி போட்டவன்தான் நானும். ஆனால் ஒரு கிலோ பொரி மீன் வயிற்றில் செரித்தாலும் சரி, தண்ணீரில் அழுகினாலும் சரி, ஏறக்குறைய ஒரு கிலோ ஆக்சிஜன் செலவாகும். இரண்டரைக் கிலோ பொரி எங்கள் குளத்தின் கையிருப்பு முழுவதற்கும் சமம். விசேஷ நாளில் நூறு பேர் ஆளுக்கு ஒரு பொட்டலம் போட்டால் யோசித்துப் பாருங்கள். குழந்தை ஒரு கைப்பிடி போடட்டும், பகலில், மீன் தின்பதைப் பார்த்துக்கொண்டே. பிரெட், பிஸ்கட், பிரசாத மிச்சம் எதுவும் வேண்டாம்.

ஆகாயத்தாமரை?

இழுத்துப் போட்டே ஆக வேண்டும். பரப்பை மூடிவிட்டால் காற்று தண்ணீரைத் தொடவே முடியாது, கீழே பாசிக்கு வெளிச்சமும் கிடைக்காது. மருந்தடித்துக் கொன்று அங்கேயே அழுக விடுவது இன்னும் மோசம். இழுத்ததைக் கரையிலேயே குவிக்காமல் தள்ளிக் கொண்டுபோய் மக்க வையுங்கள். அல்லியும் தாமரையும் குளத்தில் கால்வாசி இருந்தால் அழகுதான், அதற்குமேல் பரவ விடாதீர்கள்.

ஈஎம் கரைசல் என்று விற்கும் நுண்ணுயிர்க் கரைசல், பாக்டீரியா உருண்டை எல்லாம் போட்டால் போதாதா?

பாக்டீரியா சேற்றில் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்கு இல்லாதது ஆக்சிஜன்தான். பணம் குறைவாக இருந்தால் அதை மோட்டாருக்குச் செலவழியுங்கள்.

அப்படியானால் தூர் வார வேண்டாமா?

வேண்டும். காற்று ஊட்டினால் மேற்சேறு மெல்ல மக்கிக் குறையும், அவ்வளவுதான். இரண்டடிக் கறுஞ்சேறு இருந்தால் கோடையில் தண்ணீர் வற்றும்போது எடுத்துவிடுவதே நல்லது. அடியிலுள்ள களிமண் படுகையைக் கிளறிவிடாமல் எடுக்கச் சொல்லுங்கள், படுகை போனால் தண்ணீர் நிற்காது.

ஷாக் அடிக்குமா?

சரியாகப் போடாவிட்டால் அடிக்கும், இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, நல்ல எர்த், மழை நனையாத பெட்டி, ஒட்டுப்போடாத கேபிள். குளத்தில் இறங்கும் முன் மெயினை அணைப்பது கட்டாய விதி. மக்கள் இறங்கிக் குளிக்கும் குளம் என்றால் டிஃப்யூசர்தான் என் யோசனை, மின்சாரம் கரையோடு நின்றுவிடும், தண்ணீருக்குள் போவது வெறும் காற்று. தெப்பத் திருவிழா நடக்கும் குளத்தில் குழாய்களைக் கழற்றும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று இரும்பை அரித்துவிடும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் கேட்டு வாங்குங்கள்.

குளம் தேறுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எவர்சில்வர் தட்டு ஒன்றை மூன்று துளை போட்டுக் கயிறு கட்டி, முடிச்சு வைத்து அளவு குறித்து, மெல்ல இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தை எழுதி வையுங்கள். 30 சென்டிமீட்டருக்குள் மறைந்தால் பாசியோ கலங்கலோ அதிகம். கரைந்த ஆக்சிஜனை அளக்கச் சொட்டு மருந்து கிட் கிடைக்கிறது, நிறம் பார்த்துச் சொல்லலாம். விடிகாலை ஐந்தரைக்கு அளந்து 4 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி. மீன் வாழும் நீர்நிலைகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவும் குறைந்தது 4தான், குளிக்கும் தண்ணீருக்கு 5.

யாரிடம் அனுமதி கேட்பது?

கோயில் குளம் என்றால் கோயில் நிர்வாகமும் அறநிலையத் துறையும். ஏரி என்றால் பெரும்பாலும் நீர்வளத் துறை. மற்ற குளங்கள் மாநகராட்சியிடமோ உள்ளாட்சியிடமோ இருக்கும். வாய்மொழியாகச் சரி என்றால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். வடிகாலில் சாக்கடை கலப்பதற்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை பேசும்போது அந்த எண்தான் பேச்சை நகர்த்தும்.

புயல் வந்து இரண்டு மூன்று நாள் கரண்ட் இல்லை. மீனை எப்படிக் காப்பாற்றுவது?

2016 வர்தாவிலும் 2023 மிக்ஜாமிலும் பட்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கிறது. மழையும் காற்றும் பலமாக இருக்கும்வரை தண்ணீர் தானே அலைந்துகொண்டிருக்கும், அவ்வளவாகப் பயமில்லை. மழை ஓய்ந்து, காற்று நின்று, மூட்டம் மட்டும் இருக்கிறதே, அந்த முதல் இரவுதான் ஆபத்து. இரை போடுவதை அடியோடு நிறுத்துங்கள். தெருத் தண்ணீர் இறைக்க வந்த டீசல் பம்ப் இருந்தால் அரைமணி கேட்டு வாங்கி, குளத்துத் தண்ணீரையே எடுத்து, குழாய் முனையைத் தூக்கிப் பிடித்து, மழைபோல் மறுபடி குளத்திலேயே விழவையுங்கள். தெரு வெள்ளத்தை உறிஞ்சிக் குளத்துக்குள் விட்டுவிடாதீர்கள். பம்பும் கிடைக்கவில்லை என்றால் இளவட்டங்கள் நான்கு பேர் படியில் நின்று வாளியில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றட்டும். குளம் முழுவதற்கும் அது காணாது, ஆனால் ஒரு மூலையில் மீன்கள் வந்து கூடும். மிக்ஜாம் முடிந்த மறுநாள் விடிகாலை மூன்று மணியிலிருந்து ஆறரை வரை நாங்கள் அப்படித்தான் ஊற்றினோம். வடகிழக்குப் படிக்கட்டின் ஓரத்தில், ஊற்றும் இடத்தைச் சுற்றி, முதுகோடு முதுகு ஒட்டி மீன்கள் நின்றன.